வைரஸுக்கு வெயில் தெரியாது!

கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் நம் வீடுகளில் முதலில் திட்டு வாங்குவது விண்டோஸ். அடுத்தது வைரஸ். மூன்றாவதாக, முந்தின நாள் அதில் கேம் விளையாடிய பிள்ளை. மதர்போர்டின் நடுவில், ஓர் அலுமினியத் துண்டுக்குக் கீழே, பெரிய தபால்தலை அளவில் ஒளிந்திருக்கும் சிப்செட்டை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. விலை கேட்கும்போது பிராசஸர் என்ன, ராம் எவ்வளவு, ஹார்டு டிஸ்க் எத்தனை ஜி.பி. என்று விசாரிக்கிறோம். சிப்செட் எப்படிக் குளிர்கிறது என்று கேட்டு வாங்கியவர் யார்?

கேட்காததற்கான விலையை, ஒரு மே மாதத்தில், வேலூர் பக்கம் தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை நடத்தும் ஒரு பெண்மணி கொடுத்தார்.

சின்னக் கடை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பிரின்டர், ஒரே ஒரு கம்ப்யூட்டர். அது வாங்கிப் பத்து வருடம் ஆகியிருந்தது. மனு டைப் செய்வது, பயோடேட்டா, ஈ.பி. பில் கட்டுவது, வேலைக்கும் கல்லூரிக்கும் ஆன்லைனில் விண்ணப்பிப்பது என்று கடையின் பாதி வருமானம் அந்த மெஷினிலிருந்துதான். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் அடுத்த ஒரு மாதம் கடையில் நிற்க இடம் இருக்காது. வருடம் முழுக்கக் கடை வாடகைக்குத் தட்டுப்பாடு வராமல் இருப்பதே அந்த ஒரு மாதத்தால்தான்.

அந்த மாதத்தில்தான் மெஷின் மக்கர் பண்ணத் தொடங்கியது. திடீரென்று திரை அப்படியே உறைந்துவிடும். மவுஸ் நகராது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, மறுபடி போட வேண்டும். சில சமயம் போட்ட ஐந்தாவது நிமிடத்தில் திரும்பவும் உறையும்.

மெக்கானிக் வந்தார். வைரஸ் என்று சொல்லி விண்டோஸ் மாற்றினார். 400 ரூபாய். இரண்டு நாளில் பழைய கதை. மறுபடி வந்து ராமைக் கழற்றி, அழிரப்பரால் தேய்த்து மாட்டினார். அதுவும் இரண்டு நாள்தான். மூன்றாவது முறை வந்தவர், "போர்டு போச்சும்மா. இந்த மாடல் இப்ப வர்றதில்ல. புது போர்டு போட்டா பிராசஸரும் ராமும் சேர்த்து மாத்தணும். பதினஞ்சாயிரம் பக்கம் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினைந்தாயிரம் கையில் இல்லை. அதைவிடப் பெரிய வேதனை ஒரு புதன்கிழமை மதியம் நடந்தது. கிராமத்திலிருந்து அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள். நர்ஸிங் படிப்புக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். பாதி நிரப்பியதும் மெஷின் உறைந்தது. மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது முறையும் உறைந்தபோது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இருவரையும் தன் செலவில் ஆட்டோவில் ஏற்றி, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் இன்னொரு சென்டருக்கு அழைத்துப்போனார் கடைக்கார அம்மா. அங்கே வரிசை. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தபோது நேரம் முடிய ஒரு மணி நேரம்கூட இல்லை.

நோட்டின் கடைசிப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை அவருடைய அண்ணன் மகன் வந்திருந்தான். டிப்ளமோ முடித்துவிட்டு ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் வேலை. கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. மோட்டாரும் பேனல் போர்டும் பார்ப்பவன்.

கடையில் கடன் எழுதும் நோட்டு ஒன்று உண்டு. அதன் கடைசிப் பக்கத்தில், மெஷின் உறைந்த நேரத்தையெல்லாம் தேதியோடு எழுதி வைத்திருந்தார் அத்தை. மெக்கானிக்கிடம் காட்டுவதற்காக எழுதியது. அவர் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. மருமகன் பார்த்தான்.

11.50, 12.40, 1.15, 2.05, 3.30. இப்படியே பக்கம் முழுக்க. காலை பத்து மணிக்குள் ஒன்றுகூட இல்லை. மாலை ஆறுக்கு மேல் ஒன்றுகூட இல்லை. ஒரு நாள் மட்டும் தேதிக்கு எதிரே எதுவும் எழுதவில்லை.

"இந்த வியாழக்கிழமை கடை லீவா அத்தை?"

"லீவெல்லாம் இல்லடா. அன்னிக்குப் பூரா கோடை மழை. நல்லாத்தான் ஓடுச்சு."

"அப்படின்னா இது வைரஸ் இல்லை அத்தை. வைரஸுக்கு வெயில் தெரியாது."

அந்த ஒரு பக்கம் செய்த வேலையை எந்த சாஃப்ட்வேரும் செய்திருக்காது. கோளாறு வரும் நேரத்துக்கும் வெயிலுக்கும் தொடர்பு இருந்தால், மெஷின் போட்டுக் கொஞ்ச நேரம் கழித்தே வந்தால், அணைத்து ஆறவிட்டால் சரியாகி மறுபடி வந்தால், முதலில் பார்க்க வேண்டியது சூட்டை. தொழிற்சாலையில் மோட்டார் டிரிப் ஆனாலும் அவன் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை மணிக்கு?" என்பதுதான்.

காட்பாடி ஜங்ஷன்

சிப்செட் என்ன வேலை செய்கிறது? வேலூர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். அதுதான் கம்ப்யூட்டரின் காட்பாடி ஜங்ஷன். சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போனாலும் கோவைக்குப் போனாலும் பெரும்பாலான ரயில்கள் காட்பாடியைத் தொட்டுத்தான் போகும். அதுபோல, பழைய மதர்போர்டுகளில் பிராசஸர் ராமோடு பேசவும், படம் திரைக்குப் போகவும், எல்லாம் நார்த் பிரிட்ஜ் என்கிற சிப் வழியாகத்தான் போக வேண்டும். ஹார்டு டிஸ்க், யு.எஸ்.பி., கீபோர்டு சமாசாரங்களை சவுத் பிரிட்ஜ் என்கிற இன்னொரு சிப் பார்த்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்ததுதான் சிப்செட். ஜங்ஷனில் சிக்னல் கெட்டால் எல்லா ரயிலும் நிற்பதுபோல, நார்த் பிரிட்ஜ் தடுமாறினால் பிராசஸர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரை உறைந்துவிடும்.

ஒரு காலத்தில் இந்தக் கவலையே கிடையாது. 1981-ல் ஐ.பி.எம். தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை விற்றபோது அதன் பிராசஸர் மேலேயே ஹீட்சிங்க் இல்லை. வேகம் கூடக் கூட மின்சாரமும் கூடியது, சூடும் கூடியது. முதலில் பிராசஸருக்கு ஹீட்சிங்க், பிறகு ஃபேன் வந்தன. 1990களின் கடைசியில் சிப்செட் தலையிலும் ஹீட்சிங்க் ஏறியது. 2004, 2005 வாக்கில் சில போர்டுகளில் சிப்செட் மேலேயே 40 மில்லிமீட்டர் குட்டி ஃபேன் வைத்தார்கள். அவ்வளவு சின்ன ஃபேன் போதிய காற்றைத் தள்ள வேண்டுமென்றால் மிக வேகமாகச் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் சத்தம் வரும், தூசு அடையும், பேரிங் சீக்கிரம் தேயும். ஃபேன் நின்றது தெரியாமலே ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் எத்தனையோ!

2008-ல் இன்டெல் ஒரு சின்ன போர்டை விற்றது. அதிலிருந்த ஆட்டம் பிராசஸர் எடுத்துக்கொண்டது வெறும் 4 வாட். பக்கத்திலிருந்த சிப்செட்டோ 22 வாட். அதனால் அந்த போர்டில் ஃபேன் இருந்தது சிப்செட் தலையில். பிராசஸருக்கு வெறும் ஹீட்சிங்க்தான். பெட்டியைத் திறந்து, "ஃபேன் இருக்கிற இடம்தான் பிராசஸர்" என்று நினைப்பவர்களை அது நன்றாகவே ஏமாற்றியிருக்கும்.

இப்போது நிலைமை மாறிவிட்டது. ராமைக் கவனிக்கும் வேலையை ஏ.எம்.டி. 2003-லேயே ஆத்லான் 64 பிராசஸருக்குள் கொண்டுபோனது. இன்டெல் 2008 கடைசியில் கோர் ஐ7-ல் அதைச் செய்தது. ஜங்ஷனின் பாதி வேலை போய்விட்டதால் சூடும் இறங்கியது. இன்டெல்லின் ஜி41 சிப்செட்டின் கணக்கு 25 வாட். அடுத்துவந்த எச்61-க்கு 6 வாட் சுற்றுத்தான். ஆனாலும் கதை முடியவில்லை. 2019-ல் ஏ.எம்.டி.யின் எக்ஸ்570 சிப்செட் வந்தபோது, வேகமான புது இணைப்புகளுக்காக அதன் சூடு 10 வாட்டைத் தாண்டியது. அதனால் பெரும்பாலான போர்டுகளில் சிப்செட் ஃபேன் மறுபடி வந்து உட்கார்ந்தது.

நம் ஊரில் ஜெராக்ஸ் கடைகளிலும், டியூஷன் சென்டர்களிலும், பிள்ளைகள் படிக்கட்டும் என்று செகண்ட் ஹேண்டில் வாங்கிய வீடுகளிலும் அந்த 15, 20 வாட் காலத்து போர்டுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வெயில் கணக்கு

ஹீட்சிங்க்கைப் பற்றி ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும். அது ஏ.சி. இல்லை. அது எதையும் குளிர வைப்பதில்லை. சிப்பின் சூட்டை வாங்கிப் பெரிய பரப்பில் விரித்து, காற்றுக்குக் கொடுக்கிறது. அவ்வளவுதான். அதனால் சுற்றியிருக்கும் காற்றைவிடச் சிப் எப்போதும் சூடாகத்தான் இருக்கும். எத்தனை டிகிரி கூடுதல் என்பதில்தான் ஹீட்சிங்க்கின் திறமை.

ஓர் உதாரணக் கணக்கு போடலாம். 15 வாட் சிப், ஒரு வாட்டுக்கு 3 டிகிரி ஏறுகிற மாதிரியான சின்ன ஹீட்சிங்க். சிப் காற்றைவிட 45 டிகிரி மேலே இருக்கும். டிசம்பர் காலையில் அறை 26 டிகிரி, பெட்டிக்குள் 32 என்றால் சிப் 77. ஒன்றும் ஆகாது. அதே கடை மே மாத மதியத்தில்: ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே 41, பெட்டிக்குள் 48. சிப் 93. சிப்செட்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை நூறு டிகிரியை ஒட்டித்தான். இனி ஹீட்சிங்க் கொஞ்சம் சரிந்து, வாட்டுக்கு 3 டிகிரி என்பது 4 ஆனால் போதும். 108. டிசம்பரில் இதே கோளாறு இருந்தாலும் 92-தான், மெஷின் ஓடிவிடும். கோளாறு எப்போதோ வந்திருக்கலாம். அதைக் காட்டிக்கொடுத்ததுதான் அக்னி நட்சத்திரம்.

பிராசஸர் சூடானால் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும். வேகத்தைக் குறைக்கும், முடியாவிட்டால் மெஷினையே அணைத்துவிடும். பழைய சிப்செட்களிடம் பெரும்பாலும் அந்தச் சாமர்த்தியத்தை எதிர்பார்க்க முடியாது. சூடு தாங்காமல் தப்புக் கணக்கு போடும். திரை உறையும். நமக்கு அது வைரஸ்போலத் தெரியும்.

ஜில்லென்று இருந்தால் பயப்படுங்கள்

அன்று மதியமே மெஷினைப் போட்டு, ஒரு படத்தை ஓடவிட்டு, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான் மருமகன். உள்ளே தூசு, பஞ்சு மெத்தைபோல. பிராசஸர் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் திரை உறைந்தது. உடனே சுவரில் ஸ்விட்ச்சை அணைத்து, வயரைப் பிடுங்கிவிட்டு, நார்த் பிரிட்ஜ் மேலிருந்த ஹீட்சிங்க்கைத் தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்புதான். கையை எடுக்கத் தோன்றாத சூடு.

"சூடே இல்லையேடா. அப்போ இது நல்லாத்தானே இருக்கு?"

"இல்ல அத்தை. கீழ அடுப்பு எரியுது, மேல பாத்திரம் சுடலைன்னா என்ன அர்த்தம்? பாத்திரம் அடுப்பு மேல இல்லைன்னு அர்த்தம்."

பெரும்பாலானவர்கள் ஏமாறும் இடம் இதுதான். வேலை செய்துகொண்டிருக்கும் ஹீட்சிங்க் சூடாகத்தான் இருக்க வேண்டும். சிப் கொதித்து, ஹீட்சிங்க் சாதுவாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். டார்ச் அடித்துப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. அந்த ஹீட்சிங்க்கை போர்டோடு பிடித்திருந்தது இரண்டு பிளாஸ்டிக் பின்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ஸ்பிரிங். பத்து வருடச் சூட்டில் பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகி, ஒரு பின்னின் முனை ஒடிந்திருந்தது. மறுபக்கம் இருந்த ஸ்பிரிங் தன் கடமையைச் சரியாகச் செய்ததில், ஹீட்சிங்க் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சிப்பின் ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றது.

இரண்டு உலோகத்துக்கு நடுவே

பின்னை மாட்டினால் மட்டும் போதாது. ஹீட்சிங்க்கின் அடிப்பக்கமும் சிப்பின் மேல்பக்கமும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் மேடு பள்ளம்தான். சேர்த்து வைத்தால் மேடுகள் மட்டுமே தொடும். பள்ளங்களில் காற்று நிற்கும். காற்று சூட்டைக் கடத்துவதில் படுசோம்பேறி. தாமிரம் அதைவிடச் சுமார் 15,000 மடங்கு நன்றாகக் கடத்தும். அலுமினியம் சுமார் 9,000 மடங்கு.

அந்தக் காற்றை வெளியேற்றிவிட்டு இடத்தைப் பிடிப்பதுதான் தெர்மல் காம்பவுண்ட். டி.வி. மெக்கானிக் கடைகளில் ஹீட்சிங்க் பேஸ்ட் என்று கேட்டால் கிடைக்கும் வெள்ளைப் பசை சிலிக்கோன் எண்ணெயில் துத்தநாக ஆக்ஸைடு போன்ற நைஸான தூளைக் குழைத்தது. சாதாரணப் பேஸ்ட்டுகூடக் காற்றைவிட 30, 40 மடங்கு தேவலாம். விலை உயர்ந்தவை இன்னும் பல மடங்கு. ஆனால், உலோகத்தோடு ஒப்பிட்டால் எந்தப் பேஸ்ட்டும் மோசமான கடத்திதான். அதனால்தான் அது பள்ளத்தை நிரப்பும் அளவுக்கு மட்டும் இருக்க வேண்டும். இட்லிக்குச் சட்னி வைப்பதுபோல அள்ளி வைத்தால், நாமே சூட்டுக்குக் குறுக்கே சுவர் கட்டுகிறோம்.

இது வருடக்கணக்கில் சூடு பட்டால் எண்ணெய் பிரிந்து, காய்ந்து, சுண்ணாம்புபோல உதிரும். அத்தையின் போர்டில் அதுதான் ஆகியிருந்தது. அவசரத்துக்கு டூத்பேஸ்ட் தடவுகிறவர்களும் உண்டு. ஈரம் இருக்கும் வரை அது வேலை செய்யும். தண்ணீர் ஆவியாகிக் காய்ந்ததும் நிலைமை முன்பைவிட மோசம். பல் தேய்ப்பதோடு அதை நிறுத்திக்கொள்வதே நல்லது. இன்ஸ்டன்ட் பசை போட்டு ஹீட்சிங்க்கை ஒட்டுவது அதைவிடத் தப்பு. அடுத்த முறை கழற்றும்போது சிப்பும் சேர்ந்து பெயர்ந்து வரலாம்.

அன்று நடந்த வைத்தியம்

பழைய இரும்புக் கடையில் செத்துப்போன ஒரு மதர்போர்டு ஐம்பது ரூபாய்க்குக் கிடைத்தது. அதிலிருந்து இரண்டு பின்களும் ஸ்பிரிங்குகளும் வந்தன. டி.வி. ரிப்பேர் செய்யும் நண்பர் காம்பவுண்ட் டியூபையே கொடுத்தார். மெடிக்கல் ஷாப்பில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். அத்தை கொடுத்தது, நூல் பிரியாத ஒரு பழைய பருத்தித் துணி.

மெஷின் கொஞ்சம் சூடாக இருக்கும்போதே வேலையை ஆரம்பித்தான். சூட்டில் பழைய பேஸ்ட் இளகியிருக்கும். வயர் பிடுங்கியாகிவிட்டதா என்று இன்னொரு முறை பார்த்தான். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் சிப்பைக் கெடுக்காமல் இருக்க, பெட்டியின் இரும்பை அடிக்கடி தொட்டுக்கொண்டான். பின்களைப் பின்பக்கத்திலிருந்துதான் அமுக்கி எடுக்க வேண்டும் என்பதால் போர்டையே வெளியே எடுக்க வேண்டியிருந்தது. எந்த வயர் எங்கே இருந்தது என்று கழற்றும் முன் அத்தையின் செல்போனில் நாலு படம் எடுத்துக்கொண்டான்.

ஹீட்சிங்க்கை நேராக இழுக்கவில்லை. மெல்ல இடதும் வலதுமாகத் திருகி விடுவித்தான். காய்ந்த பேஸ்ட்டை ஆல்கஹால் நனைத்த துணியால் இரண்டு பக்கமும் துடைத்தான். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டக் கூடாது. நார்த் பிரிட்ஜின் நடுவில் கண்ணாடிபோல மின்னும் சின்னச் சதுரம்தான் உண்மையான சிப். அதன் மூலை உடைந்தால் கதை முடிந்தது. அந்தச் சதுரத்தின் மேல் அரிசி அளவு பேஸ்ட். ஹீட்சிங்க்கைச் சாய்க்காமல் நேராக மேலே வைத்து, இரண்டு பின்களையும் ஒரே சமயத்தில் அமுக்கினான். அமுக்கத்தில் பேஸ்ட் தானாகப் பரவிக்கொள்ளும்.

தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, புளோயரால் ஊதினான். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டான். பிடிக்காவிட்டால் அது கண்டபடி சுழன்று பேரிங் கெடும். மின்சாரம் வரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்ஸை மட்டும் திறக்கவே இல்லை. வயரைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும். அதை வீட்டில் திறக்கவே கூடாது.

மாலை ஐந்தரைக்கு மெஷின் ஓடியது. ஒரு மணி நேரம் கழித்து அணைத்துவிட்டு ஹீட்சிங்க்கைத் தொட்டால், விரலை எடுத்துவிடத் தோன்றும் சூடு.

"இப்பதான் சரியா சுடுது" என்றான்.

"அப்ப இனிமே ஹேங் ஆகாதா?"

"தெரியாது அத்தை. நோட்டுல எழுதிட்டே வாங்க. நோட்டு சொல்லும்."

நோட்டு சொன்னது. அடுத்த எட்டு நாள், தேதிக்கு எதிரே ஒரு சின்னக் கோடு மட்டும். ஒன்பதாவது நாள் மதியம் 2.40 என்று ஒன்று இருந்தது. போனில் கேட்டவன், "பெட்டி எங்க இருக்கு?" என்று விசாரித்தான். கம்ப்யூட்டர் டேபிளுக்குக் கீழே, மூன்று பக்கம் பலகை அடித்த அறைக்குள். பின்பக்கம் சுவரோடு ஒட்டி. வெளியே போகும் சூடான காற்று அங்கேயே சுற்றி மறுபடி உள்ளே போய்க்கொண்டிருந்தது. பெட்டியை வெளியே எடுத்து, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தார் அத்தை. சீசன் முடியும் வரை அந்தப் பக்கத்தில் வேறு நேரம் ஏறவில்லை.

எது வரை இழுத்துப் பிடிப்பது?

இதனால் எல்லாப் பழைய மெஷினும் ஒரு டியூப் பேஸ்ட்டில் பிழைத்துவிடும் என்று அர்த்தமில்லை. போர்டில் சின்னச் சின்ன உருளைகளாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ, பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ பேஸ்ட் தடவிப் பயனில்லை. அவற்றை மாற்ற வேண்டும், அல்லது போர்டையே மாற்ற வேண்டும். உள்ளே திரவம் உள்ள கெப்பாசிட்டர்களுக்குப் பொறியாளர்கள் ஒரு பொதுவான கணக்கு வைத்திருக்கிறார்கள்: 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. அதாவது, சிப்செட்டைச் சூடாகவே ஓடவிட்டால் அதைச் சுற்றி நிற்கும் மற்றவையும் சீக்கிரம் போகும். மெஷின் ஹேங் ஆகாமல் ஓடுகிறது என்பதற்காக உள்ளே எல்லாம் சுகம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மருமகனும் அத்தையிடம் அதைத்தான் சொன்னான். இந்த வைத்தியம் இந்த சீசனைக் காப்பாற்றும், அடுத்ததையும் காப்பாற்றலாம். அதற்குள் புது மெஷினுக்குச் சேர்த்துவிட வேண்டும். வாடிக்கையாளர்களின் ஃபைல்களையெல்லாம் அன்றே தனி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து வைக்க வேண்டும். அத்தை இரண்டையும் செய்தார். புது மெஷின் அடுத்த தை மாதம் வந்தது. அவசரத்தில் கடன் வாங்கி வாங்காமல், நாலு கடை ஏறி விசாரித்து வாங்க அவருக்கு எட்டு மாதம் கிடைத்தது.

உங்கள் வீட்டிலோ கடையிலோ பழைய டெஸ்க்டாப் இருந்தால், சித்திரை பிறக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்காக ஒதுக்கலாம். வயரைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். தூசியை எடுங்கள். ஃபேன் எல்லாம் தடையில்லாமல் சுற்றுகிறதா, பின்கள் உடைந்திருக்கின்றனவா, ஹீட்சிங்க் சாய்ந்திருக்கிறதா, கெப்பாசிட்டர் தலை தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவை ஓடவிட்டு, அணைத்து, சிப்செட் ஹீட்சிங்க்கை லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஆடக் கூடாது, சுட வேண்டும். நல்ல நிலையில் இருப்பதைப் பேஸ்ட் மாற்றுகிறேன் என்று கழற்றத் தேவையில்லை. போர்டை வெளியே எடுக்கும் வேலை கைக்குப் பழகவில்லை என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆனால், "சிப்செட் ஹீட்சிங்க்கைக் கழற்றிப் புது பேஸ்ட் போடுங்க" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் விண்டோஸ்தான் மாற்றுவார்கள்.

அதோடு, ஹேங் ஆகும் நேரத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பேனா பிடிக்கத் தெரிந்தால் போதும். மெக்கானிக் வந்ததும் முதலில் அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள். பார்க்காமல் ஓரம் வைத்தால், வேறு மெக்கானிக்கைத் தேடுங்கள்.